மருந்துக்கு மசியாத புழு

தில்லித் தமிழர்களில் பலருக்கு ஊரில் ஏதோ ஒரு பிடிமானம் இருக்கிறது. சிலருக்குக் கொஞ்சம் நிலம், சிலருக்குப் பூட்டிக் கிடக்கும் வீடு, சிலருக்குப் பங்காளி வழக்கு. எனக்குப் பத்துச் செம்மறி ஆடுகள். விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டில், என் தம்பியின் மந்தையோடு சேர்ந்து மேய்கின்றன. வாரத்துக்கு விட்டவை, குட்டியில் பாதி அவனுக்கு, பாதி எனக்கு. என் பாதியை நான் கண்ணால் கண்டதில்லை என்பது வேறு விஷயம். தம்பிக்கோ அந்த மந்தைதான் வங்கி. மகளின் கல்லூரிக் கட்டணம், மோட்டார் ரிப்பேர், கோயில் கொடைக்கு வரி, எல்லாமே அதிலிருந்துதான் வர வேண்டும்.

ஐப்பசி மழை நன்றாகப் பிடித்த ஆண்டு அது. கார்த்திகை பிறந்ததும் குட்டிகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்தன. கழிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை. தாடைக்கு அடியில் மட்டும் பை கட்டித் தொங்கவிட்டது போல வீக்கம். மூன்று நாளில் ஆறு குட்டிகள் போயின. தம்பி தொலைபேசியில் அழாத குறைதான்.

"மூணு தடவ மருந்து ஊத்தியாச்சுண்ணே, ஒண்ணுமே கேக்கல. டெல்லியில பெரிய பெரிய மருந்துக்கடை இருக்குமே, வீரியமா ஏதாச்சும் வாங்கி அனுப்புங்க."

மோதி பாக்கில் எங்கள் குடியிருப்பிலேயே ஒரு கால்நடை மருத்துவர் இருக்கிறார். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து, வேலைக்காலம் பூராவும் ஹரியானாவில் கழித்தவர். இப்போது மகள் வீட்டோடு இருக்கிறார். மாலையில் பூங்காவில் நான்கு சுற்று நடந்துவிட்டு, ரிங் ரோடு இரைச்சலைப் பொருட்படுத்தாமல் பெஞ்சில் உட்கார்ந்து தமிழில் பேச ஆள் தேடுவார். தம்பி அனுப்பிய படங்களைக் காட்டினேன். மூன்று மருந்து பாட்டில்களின் படங்களும் அவற்றில் இருந்தன. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"மூணு பேர், மூணு கலர், ஒரே குடும்பம் சார். ஆல்பெண்டசோல், பென்பெண்டசோல், மறுபடி வேறு பெயரில் ஆல்பெண்டசோல். கடைக்காரர் லேபிளைத்தான் மாற்றியிருக்கிறார். வீரியமான மருந்துன்னு தேடாதீங்க. புழு மசியுதா, இல்லையான்னு பாருங்க."

எந்த ஊர்க் கடை என்று நான் எழுதப் போவதில்லை. தமிழ்நாட்டில் மட்டுமல்ல, உலகம் முழுவதும் இப்படித்தான் விற்கிறது என்று டாக்டர் சொன்னார். அதற்குப் பிறகு பல மாலைகள் அந்த பெஞ்சில் நான் கேட்டதையும், நானாகத் தேடிப் படித்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். ஊரில் ஆடு வைத்திருக்கும் அண்ணனோ மச்சானோ இருந்தால் அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

முதலில் அந்தப் புழுவைப் பார்த்துவிடுவோம். ஹீமாங்கஸ் கன்டார்டஸ் என்று பெயர். குடற்புழு என்று பொதுவாகச் சொன்னாலும் இது குடியிருப்பது ஆட்டின் நான்காவது இரைப்பையில். முழு வளர்ச்சி பெற்ற பெண் புழு இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம். குடித்த ரத்தம் நிறைந்த சிவப்புக் குடலைச் சுற்றி வெள்ளைக் கருப்பை முறுக்கிக்கொண்டு ஓடும். மேல்நாட்டு முடிதிருத்தும் கடை வாசலில் சிவப்பும் வெள்ளையுமாகச் சுழலும் கம்பம் இருக்குமே, அது போல. அழகாகத்தான் இருக்கும் என்கிறார் டாக்டர். அழகுக்கு விலை ரத்தம். ஒரு புழு ஒரு நாளைக்குச் சுமார் 0.05 மில்லி ரத்தத்தை இழக்கச் செய்கிறது. அற்பம்தான். ஆனால் 5,000 புழு இருந்தால் நாளொன்றுக்கு 250 மில்லி. ஒரு குட்டி இதை எத்தனை நாள் தாங்கும்? ரத்தம் வற்றி, அதிலுள்ள புரதமும் குறைந்து, நீர் கோத்துக் கொள்வதுதான் அந்தத் தாடை வீக்கம்.

ஒரு பெண் புழு ஒரே நாளில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் முட்டை வரை இடும். முட்டைகள் புழுக்கையோடு வெளியே விழுந்து, ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஒரு வாரத்தில் ஆட்டைத் தொற்றக்கூடிய இளம்புழுவாகும். அது புல்லின் மேலுள்ள பனித்துளியில் நீந்தி ஏறி நிற்கும். மேயும் ஆட்டின் வயிற்றுக்குள் போன மூன்று வாரத்தில் தானும் முட்டையிடத் தொடங்கும். பனி காய்ந்த பிறகுதான் மந்தையை அவிழ்க்க வேண்டும் என்று எங்கள் தாத்தா காலத்திலிருந்து சொல்லிவருகிறார்கள். அதன் காரணம் இந்தத் துளியில்தான் இருக்கிறது.

இனி மருந்துக் கதை. 1940-களில் பீனோதயசின் வந்தது. 1957-இல் அமெரிக்காவின் கென்டக்கியில் அதற்கு மசியாத புழுக்கள் பதிவாயின. 1961-இல் தயபெண்டசோல் வந்தபோது, புழுத் தொல்லை ஒழிந்தது என்றே எல்லாரும் நினைத்தார்கள். மூன்றே ஆண்டில், 1964-இல், அதற்கும் மசியாத புழு வந்துவிட்டது. தயபெண்டசோலின் தம்பிகள்தான் ஆல்பெண்டசோலும் பென்பெண்டசோலும். அடுத்து லெவாமிசோல். அதன் பிறகு 1981-இல் ஐவர்மெக்டின். கொரோனா காலத்தில் நம்மில் பலர் பெயர் தெரிந்துகொண்ட அதே மருந்துதான். அது முதலில் கால்நடைகளுக்காக வந்தது. ஜப்பானில் ஒரு கோல்ப் மைதானத்துக்கு அருகே எடுத்த மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து அது பிறந்தது. அந்த வேலைக்காக சதோஷி ஒமுராவுக்கும் வில்லியம் காம்ப்பெலுக்கும் 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் பரிசு வருவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே, 1980-களின் இறுதியிலேயே, தென்னாப்பிரிக்காவின் புழுக்கள் அதையும் வென்றுவிட்டன. அங்கே எந்த மருந்தும் பலிக்காமல் ஆடு வளர்ப்பையே கைவிட்ட பண்ணைகள் உண்டு. 2009-இல் நியூசிலாந்தில் மோனெபான்டெல் என்ற புத்தம் புதிய வகை மருந்து விற்பனைக்கு வந்தது. 2013-லேயே அங்கே ஒரு பண்ணையில் அதுவும் தோற்றது அச்சில் வந்தது.

நம் நாட்டில் இந்தச் செய்தி முதலில் பதிவானது 1976-இல். பிறகு 1990-களின் தொடக்கத்தில் ஹரியானாவிலிருந்து அடுத்தடுத்து அறிக்கைகள் வந்தன. இங்கிருந்து சுமார் 160 கிலோமீட்டரில் இருக்கும் ஹிசாரில், ஆஸ்திரேலிய உதவியோடு 1969-70 வாக்கில் அமைத்த மத்திய செம்மறிப் பண்ணை இருக்கிறது. டாக்டர் அந்தப் பக்கத்தில் வேலை பார்த்தவர். தெற்கே நீலகிரியில் சாண்டிநல்லாவில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அழிந்துவரும் நீலகிரி இன ஆட்டைக் காப்பாற்றி வைத்திருக்கும் இடம் அது. அங்கும் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளுக்கு மசியாத புழுக்களைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களே கண்டு எழுதினார்கள்.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. புழு மருந்தை முதலில் வென்றது கவனிப்பில்லாத பட்டிகளில் அல்ல. காலண்டர் பார்த்து, தவறாமல், எல்லா ஆட்டுக்கும் மருந்து ஊற்றிய ஒழுங்கான பண்ணைகளில்தான். நாடோடியாகக் கிடை போட்டுத் திரிந்தவரின் மந்தையில் மருந்து இன்னும் வேலை செய்தது. இதை டாக்டர் சொன்னபோது நான் நம்பவில்லை. நம் வீடுகளில் டாக்டர்கள் சொல்வது, 'மாத்திரையை முழுசா முடி' என்பதுதானே? பிறகு விளக்கினார்.

மருந்து புழுவை மாற்றுவதில்லை. மந்தையிலுள்ள கோடிக்கணக்கான புழுக்களில் சில பிறவியிலேயே வேறு மாதிரி இருக்கும். ஆல்பெண்டசோல் போய் ஒட்டிக்கொள்ளும் இடம், புழுவின் உடலில் டியூபுலின் என்ற ஒரு புரதம். அந்தப் புரதச் சங்கிலியில் 200-ஆவது கண்ணி மாறியிருந்தால் மருந்து ஒட்டாது. அவ்வளவுதான் ரகசியம். மருந்து ஊற்றும்போது மற்றவை சாகின்றன, மாறுபட்டவை பிழைக்கின்றன. மருந்தை ஒரு சல்லடை என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை தடவை சலிக்கிறோமோ அத்தனை சுத்தமாக மசியாத புழுக்களை நாமே பொறுக்கி எடுக்கிறோம்.

அப்படியானால் எந்த மந்தையிலும் மருந்து எப்படி நிலைக்கிறது? மருந்து படாத புழுக்களால்தான். மேய்ச்சல் நிலத்தில் கிடக்கும் இளம்புழுக்களும், மருந்து குடிக்காத ஆட்டின் வயிற்றில் இருக்கும் புழுக்களும் பெரும்பாலும் மசிகிற ஜாதி. மருந்துக்குத் தப்பிய ஒன்றிரண்டு அவற்றோடு இனம் கலந்து கரைந்துவிடும். ஆங்கிலத்தில் இதை 'ரெஃப்யூஜியா' என்கிறார்கள். அடைக்கலம் என்று நாம் சொல்லலாம். புழுவுக்கு நாம் தரும் அடைக்கலம்தான் மருந்துக்கு ஆயுள்.

இதை வைத்துத் தம்பியின் ஊர் வழக்கத்தைப் பாருங்கள். வைகாசி, ஆனியில் கரிசல் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும்போது, 'மழைக்கு முன்னாடியே சுத்தம் பண்ணிருவோம்' என்று எல்லா ஆட்டுக்கும் மருந்து ஊற்றுவார்கள். அந்த வெயிலில் தரையில் இளம்புழு ஏது? காய்ந்து செத்திருக்கும். ஊரில் உள்ள புழுக்கள் எல்லாம் ஆட்டின் வயிற்றுக்குள் மட்டுமே. அப்போது ஊற்றும் மருந்துக்குத் தப்புகிறவைதான் அடுத்த மழைக்கால வம்சம் முழுவதற்கும் தாய் தகப்பன். நல்ல எண்ணத்தோடு செய்கிற காரியம். ஆனால் சல்லடை அப்போதுதான் மிக நுணுக்கமாக வேலை செய்கிறது.

ராஜஸ்தானில் டோங்க் மாவட்டம் அவிகாநகரில் 1962-இல் தொடங்கிய மத்திய செம்மறி மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. (அதற்குக் கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் ஒரு கிளை உண்டு, சுற்றுலா போகிறவர்கள் ஆட்டோடு படம் எடுத்துக்கொண்டு வருவார்கள்.) அங்குள்ள விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் புழுக்கை பொறுக்கி, முட்டை எண்ணி, வறண்ட ராஜஸ்தானுக்கு ஆண்டுக்கு ஒரே தடவை மருந்து போதும் என்று கண்டார்கள். அதுவும் மழைக்கு முன்னால் அல்ல. பருவமழையின் நடுவிலோ கடைசிப் பகுதியிலோ. அப்போது தரையில் நிறைய இளம்புழுக்கள் இருக்கும். அடைக்கலம் தானாகக் கிடைக்கும். நம் கரிசல் காடும் வறண்ட பூமிதான், ஆனால் நமக்கு மழை வடகிழக்கில் வருகிறது. ஆகவே மாதக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது; கணக்குப் போடும் முறையை எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. கருவி வேண்டாம், கரண்டு வேண்டாம். ஆட்டின் கீழ் இமையை விலக்கிப் பார்ப்பது. உள்ளே நல்ல சிவப்பாக இருந்தால் ரத்தம் இருக்கிறது; வெள்ளைத் துணி போல் இருந்தால் புழு குடித்துவிட்டது. தென்னாப்பிரிக்காவில் ஃபாஃபா மாலன் என்ற கால்நடை மருத்துவர் இதை ஐந்து படி நிற அட்டையாக்கினார். அவர் பெயரையே சுருக்கி அதை ஃபமாச்சா அட்டை என்கிறார்கள். கண் வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து. சிவந்த ஆட்டை விட்டுவிடு. ஒரு மந்தையில் பெரும்பாலான புழுக்களைச் சுமப்பது ஒரு சில ஆடுகள்தான்; அவற்றைக் கண்டுபிடித்தால் போதும். ரத்தம் குடிக்காத வேறு வகைப் புழுக்களுக்கு இந்தச் சோதனை உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'கண்ணு வெளுத்துப் போச்சு' என்று எங்கள் ஊர் இடையர்கள் எப்போதும் சொல்வதுதான். அதற்கு ஓர் அட்டையும் பெயரும் கிடைத்தவுடன் விஞ்ஞானமாகிவிட்டது!

கிடை போடுவதும் அப்படித்தான். கீதாரிகள் இன்று ஒரு வயல், இரண்டு நாள் கழித்து இன்னொரு வயல் என்று மாற்றிக்கொண்டே போவது உரத்துக்காக. ஆனால் இன்று விழுந்த புழுக்கையிலுள்ள முட்டை இளம்புழுவாகத் தயாராகும்போது மந்தை அடுத்த ஊர் எல்லையில் இருக்கும். இப்போது மேய்ச்சல் நிலம் சுருங்கி, ஒரே தரிசில் தினமும் மேய்க்க வேண்டியிருக்கிறது. அந்தக் குறையை மருந்து பாட்டிலால் நிரப்பப் பார்த்தோம்.

எங்கள் பக்கம் செம்மறியும் வெள்ளாடும் கலந்தே மேயும். இரண்டுக்கும் ஒரே புழு தொற்றும். ஆனால் வெள்ளாட்டின் உடம்பு இந்த மருந்துகளைச் சீக்கிரம் கரைத்து வெளியேற்றிவிடுகிறது. செம்மறிக்கான அளவை வெள்ளாட்டுக்கு ஊற்றினால் அது அரைகுறை மருந்து. அதில் தேர்ந்த புழு செம்மறிக்கும் வந்து சேரும். அளவைக் கூட்டுவதும் இஷ்டப்படி செய்யக் கூடாது. லெவாமிசோல் அளவு மீறினால் ஆடே போய்விடும். சினையின் தொடக்கத்தில் ஆல்பெண்டசோல் கருவைக் கெடுக்கும். மருத்துவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

ஆல்பெண்டசோல் என்றதும் சில தாய்மார்கள் நிமிர்ந்திருப்பீர்கள். ஆம், பள்ளிகளில் குழந்தைகளுக்குத் தரும் குடற்புழு மாத்திரை அதேதான். 2015 பிப்ரவரி 10-இல் தேசியக் குடற்புழு நீக்க நாள் தொடங்கியது; இப்போது நாடு முழுவதும் கொடுக்கிறார்கள். அந்த மருந்து 1970-களில் ஆட்டுக்கு வந்து, பிறகு மனிதருக்கு வந்தது. ஆட்டின் ஹீமாங்கஸ் வேறு, குழந்தைகளின் கொக்கிப்புழு வேறு. ஆகவே மாத்திரையைப் பயந்து தூக்கி எறிய வேண்டாம். ஆட்டுப் பண்ணைக் கதை தெரிந்த விஞ்ஞானிகள் அங்கேயும் கண் வைத்திருக்கிறார்கள்.

மருந்தே இல்லாத வழிகளும் உண்டு. வங்கத்தின் சுந்தரவனச் சதுப்பில், முழங்கால் சேற்றில் மேயும் கரோல் என்ற குள்ளச் செம்மறி, இந்தப் புழுவைப் பிற இனங்களைவிட நன்றாகத் தாங்குகிறது. ஒரே ஈற்றில் இரண்டு மூன்று குட்டி போடும் மரபணுவும் அதனிடம் உண்டு. மகாராஷ்டிரத்தில் பல்டனிலும் அவிகாநகரிலும் அதை மற்ற இனங்களோடு கலந்து பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2014 முதல் இந்தப் புழுவுக்குத் தடுப்பூசியே இருக்கிறது. ஸ்காட்லாந்தின் மோர்டன் ஆய்வகத்தில் உருவானது. புழுவின் குடல் புரதத்திலிருந்து செய்கிறார்கள். பருவம் முழுவதும் திரும்பத் திரும்பப் போட வேண்டும் என்பதால் நம் தம்பிமார்களுக்குக் கட்டுப்படியாகுமா என்பது கேள்விதான்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். தில்லியிலிருந்து மருந்து எதுவும் போகவில்லை. டாக்டர் தொலைபேசியில் சொன்னபடி, பன்னிரண்டு ஆடுகளின் புழுக்கையை எடுத்துக்கொண்டு அவன் திருநெல்வேலி ராமையன்பட்டியில் 2012-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனான். முட்டை எண்ணினார்கள். அந்தப் பன்னிரண்டுக்கும் எடை பார்த்துச் சரியான அளவில் ஆல்பெண்டசோல் ஊற்றி, பதினான்காம் நாள் மறுபடி எண்ணினார்கள். 95 சதவீதத்துக்குக் குறையாமல் முட்டை குறைந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். இவனுக்குப் பாதிகூடக் குறையவில்லை. இதற்கிடையில் கண் வெளுத்த மற்ற ஆடுகளுக்கு மட்டும், எடை போட்டு, வேறு குடும்பத்து மருந்து கொடுத்தார்கள். மொத்தம் பதினோரு குட்டிகள் போன பிறகு சாவு நின்றது. அவற்றில் மூன்று என் பங்காம். கணக்கில் தம்பி கெட்டிக்காரன்.

இந்த ஆண்டு அவன் கோடையில் மருந்து ஊற்றவில்லை. 'கஞ்சத்தனம்' என்று பக்கத்து மந்தைக்காரர் பேசுகிறாராம். அவர் மந்தையும் அதே தரிசில்தான் மேய்கிறது. அவர் சல்லடை போட்டுப் பொறுக்கிய புழு இவன் ஆட்டுக்கும் வரும். மந்தைக்கு மந்தை வேலி இல்லாத ஊரில் ஒருவன் மட்டும் ஒழுங்காக இருந்து எவ்வளவு பயன் என்று டாக்டரைக் கேட்டேன். "பாதிப் பயன்" என்றார். "பக்கத்துக்காரரையும் ஒரு தடவை ராமையன்பட்டிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்க."

போகிறவர்களுக்கு இரண்டு குறிப்பு. புழுக்கையைத் தரையிலிருந்து பொறுக்கக் கூடாது. கையில் பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு ஆட்டின் ஆசனவாயிலிருந்தே எடுத்து, பையைத் திருப்பிக் காற்றில்லாமல் கட்ட வேண்டும். ஒவ்வொரு ஆட்டுக்கும் தனிப் பை, மேலே ஆட்டின் அடையாளம். வெயிலில் வைக்காமல், ஐஸ் போட்ட தூக்குவாளியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நேரமானால் முட்டை பொரித்துவிடும், எண்ண ஒன்றும் இருக்காது.